அட்டை கிடைத்த பிறகு

ஸ்கூபா முக்குளிப்பின் முதல்நிலைப் பயிற்சி பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாட்களில் முடிந்துவிடுகிறது. உலகெங்கும் பரவலாக நடத்தப்படும் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியில் நீச்சல் குளத்திலோ அலையற்ற ஆழமற்ற கடலிலோ ஐந்து அமர்வுகள், திறந்த கடலில் நான்கு முக்குளிப்புகள், ஓர் எழுத்துத் தேர்வு, 200 மீட்டர் நீச்சல், 10 நிமிட மிதத்தல் ஆகியவை அடங்கும். இவற்றை முடித்தவருக்கு ஓர் அட்டை வழங்கப்படுகிறது. பயிற்றுநர் உடனில்லாமலேயே, தன்னைப் போன்ற இன்னோர் அட்டைக்காரரோடு 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம் என்பது அதன் பொருள். அந்த நான்கு கடல் முக்குளிப்புகளையும் கூட்டினால் நீருக்கடியில் கழிந்த நேரம் வழக்கமாக மூன்று மணி நேரத்தைத் தாண்டுவதில்லை.

இந்திய ஆய்வுலகில் இந்த அட்டைக்கு இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது. அந்தமான், லட்சத்தீவு, நேத்ராணி, மன்னார் வளைகுடா எனப் பவளத்திட்டுகளைத் தேடிச் செல்லும் மாணவர்கள் தங்கள் திட்ட வரைவில் அதைக் குறிப்பிடுகிறார்கள். அனுமதி விண்ணப்பத்தோடு அதன் நகலை இணைக்கிறார்கள். ‘கள ஆய்வாளர் முக்குளிப்பில் பயிற்சி பெற்றவர்’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அந்த வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு நிறமாலைமானியை இயக்கத் தெரியும் என்று சொல்பவரை ஆய்வகத்தில் யாராவது ஒருநாள் இயக்கிக் காட்டச் சொல்வார்கள். கடலுக்குள் நடப்பதைக் கரையில் இருக்கும் நெறியாளரால் பார்க்க இயலாது. அங்கே இருக்கும் குறை, தரவாக மாறி மேசைக்கு வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை; சில நேரங்களில் தரவாக மாறிய பிறகும் தெரிவதில்லை.

புனேயில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த ஒரு மாணவிக்கு அது தெரியவந்த விதம், களப்பணி செய்யும் எந்தத் துறையினருக்கும் பயன்படக்கூடியது. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள நகரத்தில் வளர்ந்தவர் அவர். நீச்சலையே இருபத்து நான்காம் வயதில், பல்கலைக்கழகக் குளத்தில்தான் கற்றுக்கொண்டார். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்ப உயர்வுகளால் அந்தமான் பவளங்கள் வெளுத்துப்போயின. அந்த இழப்புக்குப் பிறகு மீண்டெழும் திட்டுகளில் கிளிமீன்களின் மேய்ச்சல் பாசியைக் கட்டுப்படுத்தி இளம்பவளங்களுக்கு இடம் தருகிறதா என்பதே அவருடைய ஆய்வுக் கேள்வி. களம், 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கைச் சுற்றியுள்ள கடல்.

வேலை எளிமையாகத் தோன்றும் ஒன்று. 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில் எட்டு நிலையான இடங்களில் 50 மீட்டர் அளவுநாடாவை விரிக்க வேண்டும். அதன் இருபுறமும் ஐந்து மீட்டர் அகலத்துக்குள் வரும் கிளிமீன்களை எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் கண்ணால் மதிப்பிட்டு எழுதுபலகையில் குறிக்க வேண்டும். பின்னர் நாடாவின் ஓரமாகத் திரும்பி வந்து, குறித்த இடைவெளிகளில் சதுரச் சட்டத்தை வைத்துப் பவளங்களைப் படம் எடுக்க வேண்டும். நவம்பர் முதல் மே வரையிலான தெளிந்த பருவத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று முறை சென்றால் ஓர் ஆண்டின் தரவு தயாராகிவிடும்.

ஜனவரியில் அவருக்கு அட்டை கிடைத்தது. பிப்ரவரி முழுவதும் புனேயில் வகுப்புகளும் அறிக்கைகளுமாகக் கழிந்தது. மார்ச் நடுவில், ஏறத்தாழ பத்து வார இடைவெளிக்குப் பிறகு, சக மாணவர் ஒருவரை இணையாகக் கொண்டு அவர் தரவு எடுக்கத் தொடங்கினார். இணையாக வந்தவரின் கையிலும் அதே அட்டை. அனுபவம் இன்னும் இரண்டு முக்குளிப்புகள் கூடுதல்.

முதல் வாரத்தில் சில நிகழ்ந்தன. ஏழு மீட்டரில் முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. கற்றுத்தந்தபடி மூக்கால் ஊதி வெளியேற்றினார், ஆனால் அதற்குள் எழுதுபலகை கையிலிருந்து நழுவிப் போயிருந்தது. இன்னொரு நாள் 11 மீட்டரில் எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து மணிக்கட்டுக் கணினியைப் பார்த்தபோது 6 மீட்டரில் இருந்தார். ஐந்து மீட்டர் உயர்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாவது நிகழ்வு சற்றுக் கடுமையானது. படம் எடுப்பதில் மூழ்கியிருந்தவர் திரும்பிப் பார்த்தால் இணையைக் காணவில்லை. தேடிக் கண்டபோது அவர் பதினைந்து மீட்டர் தள்ளி, நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அழுத்தமானியில் 30 பார் மட்டுமே இருந்தது. இருவரும் மேலே வந்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. படகில் அதைப் பற்றிச் சிரித்துப் பேசவும் முடிந்தது.

எதுவும் ஆகாததே இந்தக் குறைகளை மறைத்தது. ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனியாகச் சிறியது; ஒவ்வொன்றுக்கும் அன்றைய நீரோட்டம், வாடகைக் கண்ணாடி, களைப்பு என்று ஒரு காரணம் கிடைத்தது. பருவம் முடிந்தது. எட்டு இடங்களுக்கும் மூன்று சுற்றுத் தரவு கையில் இருந்தது.

மே மாத இறுதியில் புனேயில் அமர்ந்து படங்களை வகைப்படுத்தத் தொடங்கியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மூன்றாம் சுற்றுப் படங்களில் நான்கு இடங்களில் கிளைப்பவளங்களின் நுனிகள் முறிந்திருந்தன. முறிவு புதியது, உட்கூடு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. சில நாட்கள் கழிந்திருந்தால் அதன்மேல் பாசி படிந்திருக்கும். நங்கூரமா, மீன்வலையா, சுற்றுலாப் பயணிகளா என்று அவர் குறிப்பேட்டில் வினாக்களை எழுதினார். பிறகு முறிவுகளை நாடாவின் அளவுக்குறிகளோடு பொருத்தி ஒரு வரைபடம் போட்டார். பெரும்பாலான முறிவுகள் நாடாவின் இடப்பக்கத்தில், அரை மீட்டர் அகலப் பட்டைக்குள் இருந்தன. நங்கூரத்துக்கு இடம் வலம் கிடையாது. படம் எடுக்கும்போது நாடாவின் இடப்பக்கமாக நீந்துவது அவர் வழக்கம். அவருடைய காலில் இருந்த துடுப்புகளே அந்தக் கிளைகளை முறித்திருந்தன.

கிளைப்பவளங்கள் விரைவாக வளர்பவை. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளக்கூடிய இனங்கள் உண்டு. குன்றுபோல் வளரும் போரைட்டிஸ் பவளமோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எதுவாயினும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் கற்பவளங்கள் அனைத்தும் முதல் பட்டியலில் இடம்பெற்றவை. இந்தியச் சட்டம் தரும் உச்சப் பாதுகாப்பு அது. பவளம் மீள்வதை அளக்கப் போனவர் அளக்கும் இடத்திலேயே பவளத்தை முறித்திருக்கிறார் என்பது ஒருபுறம். அந்த நான்கு இடங்களின் மூன்றாம் சுற்றுத் தரவு திட்டின் நிலையைச் சொல்கிறதா, ஆய்வாளரின் கால்களைச் சொல்கிறதா என்பது மறுபுறம்.

இங்கே அவருடைய கவனக்குறைவைச் சுட்டி நிறுத்திக்கொள்வது எளிது, அது விளக்கமாகாது. அவர் கவனமானவர். கவனம் முழுவதையும் மீன்களுக்கும் சட்டத்துக்கும் பலகைக்கும் கொடுத்துவிட்டதால் உடலுக்குக் கொடுக்க எதுவும் எஞ்சவில்லை. இயக்கத்திறன் கற்றல் பற்றி 1967இல் ஃபிட்ஸும் போஸ்னரும் வகுத்த மூன்று படிநிலைகள் இதை நன்கு விளக்கும். முதற்படியில் ஒவ்வோர் அசைவையும் நினைத்துச் செய்கிறோம். இரண்டாம் படியில் அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன, பிழைகள் குறைகின்றன. மூன்றாம் படியில் செயல் தானாக நிகழ்கிறது. மனம் வேறொன்றுக்கு விடுபடுகிறது. நான்கு நாள் பயிற்சி ஒருவரை முதற்படியின் இறுதிவரை கொண்டுவரும். களத்தரவு எடுப்பதோ மூன்றாம் படியில் நிற்பவருக்கான வேலை. இடையில் உள்ள படியை யாரும் கற்றுத்தருவதில்லை. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இடம்.

பயிற்சியின் அமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. பல இடங்களில் அடிப்படைத் திறன்கள் மணல்தரையில் மண்டியிட்டபடி சொல்லித்தரப்படுகின்றன. கண்ணாடியில் நீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து கழன்ற ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, இணைக்குக் காற்றுத் தருவது என ஒவ்வொன்றும் தனித்தனியாக, எதிரே பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, தரை தாங்கி நிற்க நடக்கின்றன. மாணவர் மேலெழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் ஓரிரு கிலோ ஈயம் கூடுதலாகவே கட்டப்படுகிறது. பவளத்திட்டின் மேல் மண்டியிட இடமில்லை. அங்கே அதே கண்ணாடியை அந்தரத்தில் மிதந்தபடி, கையில் பலகையோடு, நீரோட்டத்தில் சரிசெய்ய வேண்டும். பெயர் ஒன்றே ஆயினும் இவை இருவேறு திறன்கள்.

கற்ற சூழலுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய புகழ்பெற்ற சோதனை ஒன்று முக்குளிப்போரை வைத்தே செய்யப்பட்டது. 1975இல் காடனும் பாட்லியும் வெளியிட்ட ஆய்வில், நீருக்கடியில் கற்ற சொற்களை நீருக்கடியிலும், கரையில் கற்றவற்றைக் கரையிலும் முக்குளிப்போர் மேலாக நினைவுகூர்ந்தனர். உளவியல் பாடநூல்கள் பலவும் இதை மேற்கோள் காட்டுகின்றன. 2021இல் வெளியான ஒரு மறுசோதனையில் அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொற்பட்டியல் எப்படியாயினும், உடல்திறனைப் பொறுத்தவரை ஒன்றில் ஐயமில்லை. 1949இல் கில்பர்ட் ரைல் ‘தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்’ நூலில், ஒன்று இன்னதென அறிவதையும் ஒன்றைச் செய்ய அறிவதையும் பிரித்துக் காட்டினார். மிதப்பு விதியை எழுத்துத் தேர்வில் பிழையின்றி எழுதிய அதே மாணவிதான், 11 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குத் தெரியாமல் மிதந்து போனார்.

ஜூன் முதல் வாரத்தில் அவர் தன் நெறியாளரிடம் வரைபடத்தைக் காட்டினார். இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட அவருக்குக் காரணங்கள் இருந்தன. உதவித்தொகையின் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது. மேல்நிலை உதவித்தொகைக்கான மதிப்பீட்டில் முதல் பருவத் தரவே அவருடைய முதன்மைச் சான்று. முறிவுகளை ‘காரணம் அறியப்படாத இடையூறு’ என்று ஒரு வரியில் எழுதிக் கடந்திருந்தால் கேள்வி கேட்க யாரும் இல்லை. அந்த வாய்ப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை.

நெறியாளர் முதலில் சொன்னது, அடுத்த பருவத்தில் கவனமாக இருந்தால் போதும் என்பதே. மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. கவனம் ஏற்கெனவே முழுவதும் செலவாகிவிட்டது, இனிக் கூட்ட இடமில்லை என்றார். தரவே எடுக்காமல் 12 முக்குளிப்புகள் வேண்டும் என்று கேட்டார். படகு, சிலிண்டர், உடன்வரும் பயிற்றுநர் எனக் கணக்கிட்டால் அது களப்பணி நிதியில் கணிசமான பங்கு. அந்த எண்ணை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நெறியாளர் கேட்டார். அமெரிக்க நீரடி அறிவியல் கழகத்தின் தரநிலை ஓர் அறிவியல் முக்குளிப்பாளருக்கு 100 மணி நேரப் பயிற்சியும் அதற்குள் குறைந்தது 12 திறந்தநீர் முக்குளிப்புகளும் வேண்டும் என்கிறது. பொழுதுபோக்குச் சான்றிதழ் அங்கே நுழைவாயில் மட்டுமே. நெறியாளர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: ஒவ்வொரு முக்குளிப்பும் எந்தக் குறையை நிரப்பப் போகிறது, நிரம்பியதை எப்படி அறிவது என்று எழுத்தில் தர வேண்டும்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பதே பெரும்பகுதிப் பயிற்சியாக அமைந்தது. ‘முக்குளிப்பில் இன்னும் அனுபவம் தேவை’ என்று எழுதினால் எதையும் செய்ய முடியாது. ‘தரையைத் தொடாமல், கைகளை அசைக்காமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் அரை மீட்டருக்குமேல் ஏறியிறங்காமல் நிற்க இயலவில்லை’ என்று எழுதினால் அதைப் பழகலாம், அளக்கலாம். இப்படிப் பதினோரு வரிகள் தேறின.

நவம்பரில் தீவுக்கு வந்தபோது அவருக்கு வாய்த்த பயிற்றுநர் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர். இருபது ஆண்டுகளாக அந்தக் கடலில் இறங்கி ஏறுபவர். பட்டியலைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தனை கிலோ கட்டுறீங்கம்மா?”

“ஆறு, அண்ணா.”

“யார் சொன்னது ஆறுன்னு?”

பயிற்சியின்போது கட்டியது அது. அதற்குப் பிறகு அவர் அதை மாற்றவே இல்லை. மாற்றலாம் என்றும் தோன்றவில்லை. முதல் முக்குளிப்பு முழுவதும் எடையைச் சரிபார்ப்பதிலேயே கழிந்தது. 11.1 லிட்டர் கொள்ளளவு கொண்ட அலுமினிய சிலிண்டரில் 150 பார் காற்றைச் செலவழித்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை குறையும். ஆகவே முக்குளிப்பின் இறுதியில், 50 பார் மிஞ்சியிருக்கும்போது, மிதவைச் சட்டையில் காற்றே இல்லாமல் 5 மீட்டரில் நிற்க முடிந்தால் அதுதான் சரியான எடை. அவருக்கு அது மூன்று கிலோவில் அமைந்தது. ஓராண்டாக மூன்று கிலோ ஈயத்தைத் தேவையின்றிச் சுமந்திருக்கிறார்.

அந்த மூன்று கிலோ என்ன செய்தது என்பதை எளிய இயற்பியலே சொல்லிவிடும். மூன்று கிலோ கூடுதல் எடையை ஈடுகட்டச் சட்டைக்குள் மூன்று லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு வளிமண்டலம். 5 மீட்டரில் ஒன்றரை. 10 மீட்டரில் மூன்று லிட்டராக இருந்த காற்று 5 மீட்டரில் நான்கு லிட்டராக விரியும். அதாவது மேலே தள்ளும் விசை இன்னும் ஒரு கிலோ கூடும். சற்று உயர்ந்தால் காற்று விரியும். விரிந்தால் இன்னும் உயரும். எழுதிக்கொண்டிருந்தவர் ஐந்து மீட்டர் மேலே போன காரணம் இதுவே. இடுப்பில் ஈயமும் மார்பில் காற்றும் இருந்தால் உடல் நிமிர்ந்து, கால்கள் தாழ்ந்து தொங்கும். தொங்கும் கால்கள் உதைக்கும் திசையில் பவளம் இருந்தது. நிமிர்ந்த உடல் நீரை அதிகம் தள்ள வேண்டியிருந்ததால் மூச்சும் கூடுதலாகச் செலவானது. தனித்தனியாகத் தோன்றிய மூன்று குறைகளுக்கு வேர் ஒன்றாக இருந்தது.

எடை சரியான பிறகும் உடல் உடனே அடங்கவில்லை. மூச்சை உள்ளிழுத்த பின் உடல் உயரத் தொடங்க ஓரிரு நொடிகள் ஆகும். அந்தத் தாமதம் புதியவரைக் குழப்பும். உயரவில்லையே என்று சட்டையில் காற்றை ஏற்றுவார். அதற்குள் மூச்சின் விளைவும் சேர்ந்துகொள்ளும். “பொத்தானை மறந்துடுங்க. மூச்சை அடக்காம, மெதுவா விட்டு மெதுவா இழுங்க. கடல் பதில் சொல்ல நேரம் கொடுங்க” என்பதே அண்ணனின் பாடம். நான்காம் முக்குளிப்பில், மணலுக்கு ஒரு முழம் மேலே கிடையாக, மார்பில் கைகட்டியபடி ஆறு நிமிடம் அவரால் நிற்க முடிந்தது. கால்களை மேலும் கீழும் அடிக்கும் நீச்சலை விட்டுத் தவளைபோல் பின்னோக்கி உதைக்கும் நீச்சலுக்கு மாற இன்னும் இரண்டு முக்குளிப்புகள் தேவைப்பட்டன. மணல் புழுதியாக எழுகிறதா என்று பின்னால் வருபவர் பார்த்துச் சொல்வதே அதற்கான அளவுகோல்.

அடுத்தது காற்றுக் கணக்கு. பயிற்சியிலிருந்து 50 பார் என்ற எண் மட்டும் அவர் நினைவில் நின்றிருந்தது. அது எதற்கான எண் என்பது நிற்கவில்லை. 18 மீட்டரில் ஒருவரின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் மேலேற வேண்டும் என்று வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் எனக் கொண்டால், நிலைமையைச் சமாளிக்க ஆழத்தில் ஒரு நிமிடத்துக்கு 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறும் இரண்டு நிமிடங்களுக்கு 228 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 270 லிட்டர். ஆகமொத்தம் 666 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டரில் இது சரியாக 60 பார். அதாவது 18 மீட்டரில் 50 பாரோடு நிற்பவர், இணையை முறையாக மேலே கொண்டுவரப் போதிய காற்று இல்லாமல் நிற்கிறார். முந்தைய பருவத்தில் இணையின் மானியில் 30 பாரைக் கண்டு படகில் சிரித்ததை அவர் அன்று நினைத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

தென்கடலில் முத்துக்குளிப்பவர் தன் இடுப்புக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார் என்று ஒரு வழக்கு உண்டு. தமக்கை கைம்பெண்ணாவதை விரும்பாதவன் கயிற்றிலிருந்து கண்ணெடுக்க மாட்டான் என்பது கணக்கு. இணைமுறையின் சாரம் அதுவே. ஸ்கூபாவில் கயிறு இல்லை. கண் மட்டுமே உண்டு. மாணவியும் அவருடைய இணையும் மூன்று முக்குளிப்புகளை இதற்கென்றே ஒதுக்கினார்கள். ஒவ்வொரு ஐந்து மீட்டர் நாடாவுக்கும் ஒருமுறை நிமிர்ந்து கண்ணைப் பார்த்து, விரல்களால் காற்றளவைச் சொல்லிக்கொள்வது. யாருடைய அழுத்தமானி 100 பாரைத் தொட்டாலும் வேலையை நிறுத்தித் திரும்புவது. ஒரு நிமிடம் காணாவிட்டால் தேடுவதை விட்டு மேலேறுவது. முன்னறிவிப்பின்றி ஒருவர் ‘காற்று இல்லை’ என்று சைகை காட்ட, மற்றவர் அந்தரத்தில் நின்றபடியே மாற்று ரெகுலேட்டரைக் கொடுப்பதை ஒன்பது முறை செய்தார்கள். முதல் முறை இருவரும் இரண்டு மீட்டர் கீழே போனார்கள். ஒன்பதாம் முறை ஆழமானி அசையவில்லை.

பட்டியலின் கடைசி வரி கண்ணைப் பற்றியது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்குள் இருந்து பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 சென்டிமீட்டர் கிளிமீன் 40 சென்டிமீட்டராகத் தோன்றலாம். மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் முப்படிக்கேற்ப உயர்வதால், இந்தத் தோற்றப்பிழை திருத்தப்படாவிட்டால் உயிர்த்திரள் மதிப்பீடு இருமடங்குக்கும் மேலாகிவிடும். இந்த உண்மையை அவர் அறிவார். முதல் பருவத்தில் மனத்தால் கழித்துக்கொண்டதாகவும் நம்பியிருந்தார். பிளாஸ்டிக் குழாயைப் பல நீளங்களில் வெட்டி, நீருக்கடியில் கலைத்துத் தொங்கவிட்டு மதிப்பிட்டுப் பார்த்தபோதுதான், அவருடைய பிழை ஒரே திசையில் இல்லை என்பது தெரிந்தது. சிறியவற்றைக் கூட்டியும் பெரியவற்றைக் குறைத்தும் சொல்லியிருந்தார். ஒரே திசைப் பிழையைக் கணக்கில் திருத்தலாம். இதைத் திருத்த இயலாது. மூன்று நாள் பழக்கத்துக்குப் பிறகு பெரும்பாலான மதிப்பீடுகள் உண்மை நீளத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்தன.

12 முக்குளிப்புகள் முடிந்தபோது பதினோரு வரிகளில் ஒன்பது நிரம்பியிருந்தன. மேற்பரப்பு அடையாள மிதவையை ஆழத்திலிருந்து அனுப்புவதும், நீரோட்டத்தில் நாடாவைத் தனியே விரிப்பதும் மிஞ்சின. மிதவையை அண்ணனே அனுப்பினார். நீரோட்டம் வலுத்த நாட்களில் தரவு எடுக்கவில்லை. நிரம்பாத குறையை ஒளிக்காமல் வேலைத்திட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அந்தப் பட்டியலின் பயன்தான். முன்பு 150 பார் காற்று 32 நிமிடம் வந்தது. இரண்டாம் பருவத்தில் அதே ஆழத்தில் 48 நிமிடம் வந்தது. மார்ச்சில் எடுத்த படங்களில் நாடாவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபாடின்றி இருந்தன.

இழப்பும் இருந்தது. முதல் பருவத்தின் எட்டு இடங்களில் நான்கு இடங்களின் மூன்றாம் சுற்றுப் படங்களை அவர் பகுப்பாய்விலிருந்து நீக்கினார். கிளிமீன்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டார். நீளங்களையும் உயிர்த்திரளையும் விட்டுவிட்டார். மூன்று பருவங்களின் போக்கைக் காட்டவிருந்த இயலில் உயிர்த்திரளுக்கு இரண்டு பருவங்களே மிஞ்சின. அனுமதி வழங்கிய அலுவலகத்துக்கு அனுப்பிய பருவ அறிக்கையில் முறிவுகளின் இடம், அளவு, காரணம் மூன்றையும் எழுதினார். அனுப்பிய பின் பதில் வரும்வரை பல வாரங்கள் அவர் நிம்மதியாக உறங்கவில்லை. அனுமதி தொடர்ந்தது. மேல்நிலை உதவித்தொகை மதிப்பீட்டில் தரவு குறைவாக இருப்பதைப் பற்றிக் குழுவில் ஒருவர் கேட்டபோது, இடப்பக்க முறிவுகளின் வரைபடத்தையே அவர் திரையில் காட்டினார்.

முக்குளிப்பு இங்கே ஓர் எடுத்துக்காட்டுதான். ஐந்து நாள் புள்ளியியல் பயிலரங்கின் சான்றிதழோடு கலப்பு மாதிரிகளை ஓட்டும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு வார நேர்காணல் பயிற்சியோடு துயருற்றவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். கல்வெட்டுப் படியெடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு மையும் தாளுமாகக் கோயிலுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். பயிலரங்கு தருவது சொற்களையும் அசைவுகளின் வரிசையையும். அவற்றை வேறொரு வேலையின் நடுவே, யாரும் பார்க்காதபோது, பிழையின்றிச் செய்ய வைப்பது அதன்பின் வரும் காலம். அந்தக் காலத்துக்கு நிதிவரைவில் தலைப்பு இல்லை; கால அட்டவணையில் இடமில்லை. குறை மாணவருடையது என்று தோன்றும்படி அமைப்பு இருப்பதால், அதைச் சொல்ல மாணவருக்குத் துணிவு வருவதில்லை. கடலைச் சிறுவயதில் பார்த்திராதவர், நீச்சலைக் காசு கொடுத்துக் கற்க முடியாதவர், ஆங்கிலத்தில் தயங்குபவர் ஆகியோருக்கு அந்தத் துணிவு இன்னும் தொலைவில் இருக்கிறது.

அந்த ஆய்வுக்குழு இப்போது புதிய நிதிவரைவுகளில் ‘தரவு எடுக்காத முக்குளிப்புகள்’ என்று தனித் தலைப்பில் தொகை கேட்கிறது. ஒருமுறை கிடைத்தது, ஒருமுறை வெட்டப்பட்டது. புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் அட்டையோடு வந்தபோது, மாணவி அவரிடம் தன் பதினோரு வரிப் பட்டியலைக் கொடுக்கவில்லை. ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, தனக்கு இயலாதவற்றை அளக்கக்கூடிய சொற்களில் எழுதிவரச் சொன்னார். பருவத்தின் முதல் மூன்று முக்குளிப்புகளுக்கு யாரும் எழுதுபலகை எடுத்துச் செல்வதில்லை என்பதும் இப்போது அங்கே விதி. அட்டை பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயினும், நெறியாளர் உட்பட, அனைவருக்கும் அது பொருந்தும்.